ஓட்டு போட ஒரு பரீட்சை

அமெரிக்கத் தேர்தல்னாலே நாம எல்லாரும் எலெக்டோரல் காலேஜ் கணக்கைத்தான் அலசுவோம். எனக்கென்னவோ அதைவிட முக்கியமாப் படுறது, வாக்காளர் பட்டியல்ல பேர் ஏறுற கதை.

1870-ல் வந்த 15-வது சட்டத்திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் மிசிசிப்பி மாநிலம் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவரை செனட்டுக்கே அனுப்பியது. அப்பாடா, பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைக்கறீங்களா? அதான் இல்லை.

1890-ல் மிசிசிப்பி புதுசா ஒரு மாநில அரசியல் சட்டம் எழுதுச்சு. கறுப்பர்கள் ஓட்டு போடக்கூடாதுன்னு அதுல எங்கயும் இல்லை. ஆனா ஓட்டு போட 2 டாலர் வரி கட்டணும். அந்தச் சட்டத்துல ஒரு பிரிவைப் படிச்சுக் காட்டணும், இல்லாட்டி விளக்கம் சொல்லணும். பாஸா ஃபெயிலான்னு முடிவு பண்றது கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார கிளார்க். சட்டத்துல ஓட்டையே வேண்டாம், மார்க் போடறவர் நம்ம ஆளா இருந்தாப் போதும்!

1962 ஆகஸ்ட் 31. பருத்தித் தோட்டத்துல வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமர் உட்பட 18 பேர் பஸ் பிடிச்சு இண்டியனோலா ஊருக்குப் பேர் பதியப் போனாங்க. அந்தம்மாவுக்கு வந்த கேள்வி, 'டி ஃபேக்டோ' சட்டம்னா என்ன? ஏட்டுல இல்லாம நடைமுறையில மட்டும் இருக்கறதைத்தான் அப்படிச் சொல்வாங்க. சரியான பதில் அந்த கவுன்ட்டரே தான்! ஆனா அவங்க ஃபெயில். திரும்பி வர்ற வழியில பஸ்ஸோட கலர் சரியில்லைன்னு போலீஸ் அபராதம் போட்டது. அன்னிக்கு ராத்திரியே தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதாப் போச்சு. 18 வருஷ வேலை, ஒரே நாள்ல காலி.

அந்தம்மா விடலை. அடுத்த ஜனவரியில பாஸ் பண்ணிட்டாங்க. ஓட்டு போடப் போனா, வரி கட்டின ரசீது எங்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

1965 மார்ச்சில் செல்மா பாலத்துல ஊர்வலம் போனவங்களை போலீஸ் அடிச்சதை நாடே டிவியில பார்த்தது. ஆகஸ்ட் 6-ந்தேதி ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். மிசிசிப்பி மாதிரி மாநிலங்கள்ல பரீட்சை நிறுத்தப்பட்டது. உள்ளூர் கிளார்க் முரண்டு பிடிச்ச இடங்களுக்கு மத்திய அரசே ஆள் அனுப்பிப் பேர் எழுதியது. சட்டத்துக்கு முன்னாடி மிசிசிப்பியில பட்டியல்ல இருந்த கறுப்பர்கள் 6.7 சதவீதம். 1967-ல் 59.8 சதவீதம். ரெண்டே வருஷத்துல ஜனங்க திடீர்னு புத்திசாலி ஆகிடலை. மார்க் போடறவரை மாத்தினாங்க, அவ்வளவுதான்.

அந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாத்தணும்னா மத்திய அரசோட முன் அனுமதி வாங்கணும்னும் அந்தச் சட்டத்துல இருந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் 5-4 தீர்ப்புல, எந்தெந்த மாநிலம்னு சொன்ன பட்டியல் முறை செல்லாதுன்னுடுச்சு. அனுமதிக்கு வேலையே இல்லாமப் போச்சு. அன்னிக்கே டெக்சாஸ், ஓட்டு போட அடையாள அட்டை கேட்கற தன் சட்டத்தை அமலாக்கறதா அறிவிச்சது.

உரிமை காகிதத்துல பத்திரமாத்தான் இருக்கு மக்களே. கவுன்ட்டர்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னுதான் பார்க்கணும். நீங்க என்ன சொல்றீங்க?