வேடர் வில்லும் காட்டுரிமையும்

இலங்கைச் சரித்திரம் என்றதும் நம் மாணவர் மனக்கண்முன் தோன்றுவன மன்னர்தம் படையெடுப்புகளும் அவர்கள் கட்டிய குளங்களுமே. காட்டை நம்பி வாழ்ந்த வேடருக்குப் பாடநூலில் ஓரிரு வரிகளே கிட்டும். அவ்வரிகளிலும் அவர்தம் வில் நாகரிகமின்மையின் அடையாளமாகவே காட்டப்பெறும். அந்த வில்லின் பின்னே எத்தகைய அறிவும் எத்தகைய சமூக ஒழுங்கும் இருந்தன என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

பருத்த ஆண் காட்டுப்பன்றியை வில்லால் வீழ்த்துவது எளிதன்று. அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் விலங்கைச் சாய்ப்பதில்லை. அதன் இரும்பலகு இதயத்தையோ நுரையீரலையோ அறுக்க, குருதிப் பெருக்கினாலேயே விலங்கு மடிகின்றது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோளிலோ தடித்த தோல் கேடயம்போல் அமைந்துள்ளது. ஆதலால், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, தாழ்வாக அம்பு பாய வேண்டும். பன்றிக்குக் கண்பார்வை மந்தம். மோப்பமும் செவிப்புலனுமோ மிகக் கூரியவை. காற்றுக்கு எதிர்முகமாக, சருகு ஒலிக்காமல் நெருங்கியவனுக்கே அது வசப்படும். குறி தவறினால் காயமுற்ற பன்றி கோரைப்பற்களோடு திரும்பிப் பாயும். அல்லது அடர்காட்டினுள் ஓடி எவருக்கும் பயனின்றி மடியும்.

வேடர் சிறந்த வில்லாளர் அல்லர் என்று எழுதிவைத்த ஐரோப்பியர் உளர். தொலைவிலுள்ள இலக்கை அடிப்பதே அவர்கள் கண்ட அளவுகோல். விலங்கு அறியாமல் அதன் அருகே செல்லும் ஆற்றலை அளக்க அவர்களிடம் கோல் இருக்கவில்லை. அவ்வாற்றல் தடமறிதல், காற்றறிதல், காத்திருத்தல் எனத் தலைமுறை தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகன் பெற்ற கல்வியாகும்.

இவ்வேட்டை தனிமனிதனின் வீரச்செயலுமன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் சுவையான செய்தியொன்றைத் தருகின்றார். வேடர் இரவிலே கொல்லனின் பட்டடைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் அருகே தொங்கவிடுவர். அவ்வண்ணமே அம்பு செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடின் இரவில் அம்பு வரும். காட்டுக்கும் ஊருக்கும் இடையே நிலவிய பொருளாதார உறவு இதனால் விளங்கும். இரும்பு ஊரிலிருந்து வந்தது. இறைச்சி காட்டிலிருந்து சென்றது.

காடும் எல்லையற்ற பொதுவெளியாய் இருக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தனி எல்லை இருந்ததென்றும், அதனைக் கடந்து வேட்டையாடவோ தேனெடுக்கவோ உரிமையில்லையென்றும் நொக்ஸ் எழுதுகின்றார். எல்லையில் நின்ற ஒரு பலாமரம் பற்றிய சச்சரவிலே இருபது முப்பது பேர் மாண்டனர் என்றும் அவர் கூறுகின்றார். ஆகவே வேடர் வாழ்வைப் பூசலற்ற பொற்காலமாகக் கற்பனை செய்வதும் தவறு. அங்கே உரிமை இருந்தது. உரிமைக்கு விதியும் இருந்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய உண்மை. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட ஆய்வு நூலோ, வேட்டை வாய்க்க வேண்டிக் கண்டே யக்காவை அழைத்து ஆடும் சடங்கினையும், அம்பினைச் சுற்றி ஆடும் ஆட்டத்தையும் விரிவாகக் கூறுகின்றது.

இவ்வுரிமையை வேரோடு அசைத்தது பிரித்தானிய ஏகாதிபத்தியம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், ஆதாரம் காட்டி மறுக்கப்படாவிடத்துப் பயிரிடப்படாத நிலங்களும் காடுகளும் முடிக்குரியன என விதித்தது. காட்டையே வீடாகக் கொண்டவனிடம் உறுதிப்பத்திரம் ஏது? அதே காலத்தில் துரைமார் காட்டிலே புரிந்த கொலைக்குக் கணக்கில்லை. 1845 இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றோஜர்ஸ் 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகின்றது. சாமுவேல் பேக்கர் 1850களில் தம் வேட்டைகளை நூலாகவே எழுதிப் புகழீட்டினார். பசிக்காக வேட்டையாடியவன் நாகரிகமற்றவன். பொழுதுபோக்குக்காகக் கொன்றவன் கனவான்! வர்க்க நீதியின் இலக்கணம் இதுவே.

சுதந்திரத்தின் பின்னரும் வேடரின் காடு சுருங்கியது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் அவர்தம் நிலங்களின் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. 1983 இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது, அங்கே வாழ்ந்தோர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். தம்பானைத் தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்து, 1998 இல் இறக்கும்வரை தம் மண்ணிலேயே வாழ்ந்தார். பூங்காவினுள் வில்லேந்துதல் குற்றமாயிற்று. பூங்காவுக்கு வெளியே அதே வில் உல்லாசப் பயணிகளுக்குரிய காட்சிப்பொருளாயிற்று.

வனவிலங்குகளைக் காத்தல் அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதற்குரிய விலையை வேடரே தனித்துச் செலுத்துவது எந்த நியாயத்தின்பாற்பட்டது? காட்டை நன்கறிந்தோரைக் காவலின் பங்காளிகளாக்காது வெளியேற்றுதல் அறிவுடைமையுமன்று. வாகரை முதலாய கிழக்குக் கரையோரங்களில் தமிழ் பேசி வாழும் வேடரும் நம்மிடையே உளர். அவர்தம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையிலேயே 'காட்டுமிராண்டி' என்ற சொல்லை இனியும் நாம் உச்சரிக்கலாமா? அவர்களுடைய மூதாதையரின் அறிவையும் இழந்த உரிமையையும் சரித்திர பாடத்திலே கற்பிக்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.