சுடும் விளையாட்டுகளில் பார்வைப்புலமும் மவுஸ் சென்சிடிவிட்டியும்

மவுஸ் சென்சிடிவிட்டி மாற்றம் என்பது, ஒரு சுடும் விளையாட்டில் பழகிய கை அசைவு இன்னொரு விளையாட்டிலோ, அதே விளையாட்டின் ஸ்கோப்பிலோ பலிக்கும்படி எண்ணைத் திருத்திக்கொள்ளும் கணக்கு. ஆட்டக்காரர்கள் பேச்சில் இது வெறும் ‘சென்ஸ்’. திரை காட்டும் காட்சியின் கோண அளவு, அதாவது எஃப்.ஓ.வி. எனப்படும் பார்வைப்புலம், இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்தால், ஒரு வகுத்தலோடு வேலை முடிந்துவிடும். அது மாறும்போது எதைக் காப்பது, எதை விடுவது என்று ஆட்டக்காரரே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த எளிய வகுத்தல். மவுஸ் நகரும்போது கணினிக்குக் ‘கவுண்ட்’ என்னும் சிறு துடிப்புகளை அனுப்புகிறது. 800 டிபிஐ மவுஸ் ஓர் அங்குல நகர்வுக்கு 800 கவுண்ட் அனுப்பும். ஒரு கவுண்டுக்குக் கேமரா எத்தனை பாகை திரும்பும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு வேறு. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் சென்ஸ் 1 என்றால் 0.022 பாகை, குவேக் காலத்திலிருந்தே தொடரும் எண் இது. வாலரண்டில் 0.07 பாகை. ஆக, 800 டிபிஐ, சென்ஸ் 1 வைத்துக் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 52 செ.மீ. இழுக்க வேண்டும். அதே 52 செ.மீ. வாலரண்டிலும் வேண்டுமானால் 3.18ஆல் வகுத்து 0.314 வைக்க வேண்டும்.

2020இல் வாலரண்ட் வெளியானபோது இந்தியாவில் இந்த 3.18 பலருக்கும் தேவைப்பட்டது. பிரவுசிங் சென்டர்களில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடி வளர்ந்தவர்களும், அதன் பின்வந்த பதிப்புகளில் போட்டி ஆடியவர்களும் புதிய ஆட்டத்துக்குப் போனார்கள். ‘ஸ்க்ராஸி’ என்று அறியப்படும் கணேஷ் கங்காதர் அவர்களில் ஒருவர். அவர் ஆடிய குளோபல் ஈஸ்போர்ட்ஸ் அணி 2023இல் வாலரண்டின் பசிபிக் லீகில் இடம்பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்கைஈஸ்போர்ட்ஸ் இரண்டு ஆட்டங்களுக்கும் போட்டிகள் நடத்தியிருக்கிறது.

ஆனால் 3.18 முழு விடை அல்ல. 16:9 திரையில் கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் கிடைமட்டப் பார்வைப்புலம் 106.26 பாகை; வாலரண்டில் 103. ஒரே அளவு திரும்பினாலும் இரண்டு திரைகளிலும் காட்சி நகரும் வேகம் ஒன்றல்ல. குமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியைப் போன் கேமராவில் முழு அகலத்துக்குப் பிடித்துக்கொண்டு கையைச் சற்றே திருப்பினால் காட்சி மெல்ல நகரும். நீர் விழும் பாறையை ஜூம் செய்துகொண்டு அதே அளவு திருப்பினால் பாறை சட்டகத்தைவிட்டே ஓடிவிடும். கை திரும்பிய கோணம் ஒன்றுதான், திரையில் அது கடந்த தூரம்தான் வேறு.

இதைச் சரிசெய்யும் சூத்திரம் பள்ளி முக்கோணவியல். இரண்டு பார்வைப்புலங்களையும் பாதியாக்கி, அவற்றின் டேன்ஜென்ட் மதிப்புகளில் புதியதைப் பழையதால் வகுத்தால் வருவதே பெருக்க வேண்டிய எண். 51.5 பாகையின் டேன்ஜென்ட் 1.257, 53.13 பாகைக்கு 1.333, விகிதம் 0.943. அதன்படி வாலரண்ட் எண் 0.314லிருந்து 0.296 ஆகக் குறைகிறது. குவியத்தூர முறை என்று இதைச் சொல்வார்கள். திரையின் நடுவில் உள்ள குறியான கிராஸ்ஹேரை ஒட்டிய சிறு அசைவுகளில் கைக்கும் திரைக்கும் உள்ள உறவு மாறாமல் இருக்கும். முழுச் சுற்றுக்கான தூரம் மாறிவிடும். இரண்டையும் ஒருசேரக் காக்க வழியில்லை. கோளப் பரப்பைத் தட்டைத் திரையில் விரிப்பதால் வரும் வரம்பு அது.

ஸ்கோப்பில்தான் இந்த வேறுபாடு கையை உண்மையாகவே கெடுக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் ஏ.டபிள்யூ.பி. துப்பாக்கியில் முதல் ஜூமின் பார்வைப்புலம் 40, சாதாரண நிலையில் 90. இரண்டுமே 4:3 அளவில் சொல்லப்படுபவை. விளையாட்டு இயல்பாக 40ஐ 90ஆல் வகுத்து, சென்ஸை 0.444 மடங்காக்குகிறது. டேன்ஜென்ட் கணக்கோ 0.364 என்கிறது. இயல்பு அமைப்பு கிராஸ்ஹேர் அருகே 22 சதவீதம் வேகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜூம் சென்சிடிவிட்டியை 0.818933 என்று வைப்பவர்கள் அந்த 22 சதவீதத்தைக் கழிக்கிறார்கள்.

இயல்பு அமைப்பைத் தவறு என்று சொல்லக்கூடாது. அது மையத்துக்குப் பதிலாக 4:3 சட்டகத்தின் விளிம்பில் பொருத்தம் பார்க்கிறது. 16:9 திரையில், நடுவிலிருந்து ஓரம் வரையிலான தூரத்தில் 75 சதவீதத்தில் உள்ள புள்ளி அது. பேட்டில்ஃபீல்ட் விளையாட்டின் சென்ஸ் அமைப்பில் காணப்படும் 133 என்ற குணகமும் இதே இடத்தையே குறிக்கிறது, திரையின் உயரத்தைக் கொண்டு அளந்து.

இரண்டு இடங்களில் கணக்கு எளிதில் தவறும். ரெயின்போ சிக்ஸ் சீஜ் பார்வைப்புலத்தைச் செங்குத்தாக அளக்கிறது, வாலரண்ட் கிடைமட்டமாக. அலகை ஒன்றாக்காமல் வகுத்தால் கிடைப்பது பயனற்ற எண். 4:3 காட்சியை 16:9 திரையில் இழுத்து ஆடுபவர்களுக்கோ கிடைமட்ட அசைவு மட்டும் 1.33 மடங்கு வேகமாகத் தெரியும். செங்குத்து அசைவு அப்படியே இருக்கும்.

போனில் பி.ஜி.எம்.ஐ. என்னும் சுடும் விளையாட்டை ஆடுபவர்கள் ரெட் டாட் தொடங்கி 8 எக்ஸ் வரை ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனி எண் வைப்பதும் இதே கணக்கின் இன்னொரு முகம். உருப்பெருக்கம் கூடக்கூட எண் குறைய வேண்டும்.

எந்த முறையைக் கொள்வது? கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வாலரண்டுக்குப் போவது போல 3 பாகை வேறுபாடு மட்டும் இருந்தால் முழுச் சுற்றுத் தூரத்தைக் காப்பதே நல்லது. பின்னால் திரும்பும் பழக்கம் கெடாது, 6 சதவீத வேறுபாட்டைக் கை விரைவில் ஏற்றுக்கொள்ளும். ஸ்கோப்புக்கு டேன்ஜென்ட் விகிதமே சரி, ஏனென்றால் ஸ்கோப் வழியே யாரும் முழுச் சுற்றுத் திரும்புவதில்லை. எதைத் தேர்ந்தாலும் எண்ணைத் தினமும் மாற்றாமல் சில வாரங்கள் அதிலேயே ஆடிப் பாருங்கள்.