பீச் ரோட்டில் ஒரு சின்னக் கோயில்

தூத்துக்குடி பீச் ரோட்டில் இரண்டு பழைய கோயில்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பனிமய மாதா பேராலயம். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குப் பெரியதாழையிலிருந்து மணப்பாடு, திருச்செந்தூர் வழியாக பஸ் ஏறி எங்கள் வீட்டார் போய் வந்தது அங்கேதான். இன்னொன்று பரிசுத்த திரித்துவ ஆலயம். ஊர்க்காரர்கள் ‘இங்கிலீஷ் சர்ச்’ என்பார்கள். சின்னக் கட்டடம். ரோட்டில் ஓடுகிற லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் எழுபது வயது வரை உள்ளே போனதில்லை.

காரணம் என் பாட்டி. சிறு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போகும்போது, “அது பதிதர் கோயிலு, வாசப்படியை மிதிக்கப்படாது” என்பார். வேதத்தை விட்டு விலகினவர்கள் என்ற பொருளில் புராட்டஸ்டன்ட்காரர்களுக்கு அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் வைத்திருந்த பெயர் அது. ஏன் மிதிக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாட்டிக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

போன வருடம் ஒரு வேலையாகத் தூத்துக்குடி போய், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே நுழைந்தேன். கோயில்பிள்ளை வந்து, “எந்த ஊரு அண்ணாச்சி?” என்றார். பெரியதாழை என்றேன். “அப்போ ஆர்.சி.யா?” என்று சிரித்தார். “உள்ள வந்து உக்காருங்க, வெளிய வெயிலு.” உட்கார்ந்தேன். வெளியே ஹாரன் சத்தம். உள்ளே அமைதி.

பெயர்தான் இங்கிலீஷ் சர்ச். கட்டியவர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்ல, ஒல்லாந்தர். அதாவது டச்சுக்காரர்கள். கட்டிய ஆண்டு 1750. முகப்பில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்து. தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்த எழுத்துகள் வேறொருவரைத்தான் நினைவுபடுத்தும். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயரைத்தான் இன்று துறைமுகம் தாங்கி நிற்கிறது. ஒல்லாந்தரின் வி.ஓ.சி.யோ 1799-ம் ஆண்டு முடிவோடு கலைந்து போனது.

பாட்டியின் பயத்துக்கு வேர் 1658-ல் இருக்கிறது. அதற்குச் சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் கடற்கரைப் பரதவர்கள் போர்ச்சுகீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். 1542-ல் சவேரியார் வந்து ஊர் ஊராக நடந்து மந்திரம் சொல்லிக் கொடுத்தார். 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கால்வின் வழிப் புராட்டஸ்டன்டுகள். சுரூபம் ஆகாது, பூசை ஆகாது. கத்தோலிக்கக் குருக்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பால்தேயூஸ் என்ற ஒல்லாந்துப் போதகர் பரதவர்களைத் தம் சபைக்குத் திருப்பப் பார்த்தார். பலிக்கவில்லை. பின்னால் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இந்தக் கடற்கரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

பீரங்கி வைத்திருந்தவர்களால் ஏன் முடியவில்லை? விடை கடலுக்குள் இருந்தது. ஒல்லாந்தர் இங்கே வந்தது முத்துக்கும் சங்குக்கும் துணிக்கும். முத்தும் சங்கும் எடுக்க மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவன் வேண்டும், தோணியும் வேண்டும். இரண்டும் பரதவர் கையில். இங்கே எடுத்த சங்கு வங்காளம் வரை வளையலுக்காகப் போனது. மேலும், ஒல்லாந்தர் கையில் இருந்தது துறை மட்டும்தான். உள்நாடு மதுரை நாயக்கருடையது. ரொம்ப நெருக்கினால் சனம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். கணக்குப் பார்க்கிற கம்பெனி மதத்தை ஓரளவுக்கு மேல் வற்புறுத்தவில்லை.

அதனால்தான் ஓர் அதிசயம் நடந்தது. ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருக்கும்போதே, 1713-ல், பனிமய மாதா கோயில் எழும்பியது. ஆண்டவர்கள் தங்களுக்கென்று இந்தக் கோயிலைக் கட்டியது அதற்கு 37 ஆண்டுகள் கழித்து. ஊர் முழுவதும் வரும் என்று கட்டியிருந்தால் இவ்வளவு சின்னதாகக் கட்டியிருக்க மாட்டார்கள். கம்பெனி உத்தியோகஸ்தர்களும் அவர்கள் குடும்பமும் உட்காரத்தான் இடம்.

பிறகு ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 1782-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடியும் பிடித்து 1818-ல் கொடுத்தார்கள். 1825-ல் ஒல்லாந்தர் ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கோயில் ஆங்கிலிக்கன் சபைக்கு வந்தது, பெயரும் ‘இங்கிலீஷ் சர்ச்’ ஆயிற்று. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதோடு சேர்ந்தது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து இடையன்குடியிலும் ஒரு திரித்துவ ஆலயம் உண்டு. கால்டுவெல் ஐயர் 1841-ல் அங்கே வந்து, பள்ளிக்கூடம் வைத்து, சனங்களோடு இருந்து, மெதுவாகக் கட்டி எழுப்பியது. 1880-ல்தான் அதன் பிரதிஷ்டை நடந்தது. பெயர் ஒன்று, சபை ஒன்று. ஆனால் அது ஊர்ச் சனத்துக்காக எழும்பியது, தூத்துக்குடியில் உள்ளது அதிகாரிகளுக்காக எழும்பியது. ஆட்சி கையில் இருந்தால் சுவரை எழுப்பிவிடலாம், சபையை எழுப்ப முடியாது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் விளங்கியது. பாட்டி யாரையும் வெறுத்தவர் அல்ல. குருக்களைத் துரத்திய காலத்தில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொன்ன எச்சரிக்கை, வருடமும் காரணமும் உதிர்ந்து, முந்நூறு ஆண்டுகள் கைமாறி அவரிடம் வந்திருக்கிறது. அந்த எச்சரிக்கை இல்லையென்றால் 1713-ல் மாதா கோயிலும் எழும்பியிருக்காது. ஆனால் யாருக்கு எதிராக அது சொல்லப்பட்டதோ அவர்கள் 1825-லேயே கப்பல் ஏறிவிட்டார்கள். இன்று அந்தக் கோயிலில் முழங்கால் போடுகிறவர்கள் நம் ஊர்ச் சனம். நம் தமிழில்தான் செபிக்கிறார்கள். வெயிலுக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

எழுந்து வரும்போது கோயில்பிள்ளை, “திருநாளுக்கு மாதா கோயிலுக்கு வருவீங்கல்லா? அப்படியே இங்கயும் எட்டிப் பாத்துட்டுப் போங்க” என்றார். சரி என்றேன். இந்த ஆகஸ்டில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போவதாக இருக்கிறேன். பாட்டி கதையைச் சொல்வேன். அந்தச் சொல்லை மட்டும் அவளுக்குக் கொடுக்க மாட்டேன்.