யூதப் படைவீரர் நினைவு அஞ்சல்தலை

தம் நாட்டுப் படையில் பணியாற்றிய யூதர்களைச் சிறப்பிக்க அஞ்சல்தலை வெளியிடக் கோரும் முன்மொழிவு இது. நெருங்கிய முன்னோடி அமெரிக்காவில் உண்டு. 1943 பிப்ரவரி 3 அன்று கிரீன்லாந்து அருகே ‘டார்செஸ்டர்’ கப்பல் தாக்கப்பட்டபோது, உயிர்காப்புக் கவசங்களைப் பிறருக்குக் கழற்றிக் கொடுத்து மாண்ட நான்கு படைக் குருமாருக்கு 1948-இல் 3 சென்ட் அஞ்சல்தலை வந்தது. மூழ்கும் கப்பலுக்கு மேலே நான்கு முகங்கள். ஒருவர் யூத மதகுரு அலெக்சாண்டர் கூட். யார் எந்த மதம் என்ற குறிப்பு அதில் இல்லை. இந்தியாவிலோ, கொச்சி யூதக் கோயிலின் 400-ஆம் ஆண்டுக்கு 1968-இல் அஞ்சல்தலை வெளியானது. 20 காசு மதிப்பில் கோயிலின் உட்புறம் அச்சானது. அது வழிபாட்டிடத்துக்குக் கிடைத்த மரியாதை. படையில் சேர்ந்தவர்களுக்கானது அன்று.

இந்தியப் படையில் பணியாற்றிய யூதர்களில் முதலில் நினைக்கத் தக்கவர் கொல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்த லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராணுவத்தின் கிழக்குக் கட்டளையகத்தின் பணியாளர் தலைவராக (Chief of Staff), சரணடைவு ஆவணத்தின் வரைவோடு டிசம்பர் 16 அன்று டாக்கா சென்று பாகிஸ்தான் படைத் தளபதி நியாசியைச் சம்மதிக்க வைத்தார். இந்தியத் தரப்பில் கையெழுத்திட்டவர் கட்டளையகத்தின் தளபதி அரோரா. ஜேக்கப்பின் பங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் நியாயமானதே. ஆனால் வெற்றியின் முழுப் பெருமையும் ஒருவருக்கே என்று சொன்னால்தான் அஞ்சல்தலை தர வேண்டும் என்றில்லை. சில ஆயிரம் பேரே உள்ள சமூகத்துக்கு எதற்கு என்பதும், இஸ்ரேல் அரசியலோடு குழப்பிக்கொள்வார்களே என்பதும் மற்ற மறுப்புகள். மத அடையாளத்தை முன்வைத்துக் கேட்டால் இவ்விரண்டுக்கும் பதில் சொல்வது கடினம். தனிமனிதரை முன்வைத்தால் இரண்டும் வலுவிழக்கும். ஜேக்கப் சேவை செய்தது இந்திய ராணுவத்தில். 2008-இல் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷாவுக்கு அஞ்சல்தலை வந்தபோது அவர் பார்சி என்பது காரணமாகவில்லை. கொடி காத்த குமரனுக்கு 2004-இல், நூற்றாண்டையொட்டி வந்ததும் அவ்வகையே: தடியடியிலும் கொடியை விடாத செயலுக்கான மரியாதை அது, பிறந்த குலத்துக்கானதன்று.

ஆகவே ‘யூத வீரர்கள்’ என்ற பொதுத் தலைப்பைவிட ஜேக்கப் பெயரில் விண்ணப்பிப்பதே வலுவானது. சமூகத்தின் வரலாற்றை வெளியீட்டுக் குறிப்பேட்டில் எழுதலாம். பம்பாய்ப் படையில் பணியாற்றிய பெனே இஸ்ரேல் யூதர்களுக்கும், வைஸ் அட்மிரல் பெஞ்சமின் ஆபிரகாம் சாம்சனுக்கும் அங்கே இடமுண்டு. ஆளுமைகளுக்கு இறந்து பத்தாண்டு கழித்தே அஞ்சல்தலை என்பது பொது வழக்கம். மானெக்‌ஷாவுக்கு அது தளர்த்தப்பட்டது. ஜேக்கப்புக்கு அந்தப் பத்தாண்டைக் கணக்கிட வேண்டியது அவர் மறைந்த 2016 ஜனவரி 13-இலிருந்து.