வெளிவராமல் போன ‘கிரேஸி ஓட்டோ’

விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும், பாடத்துக்கு வெளியே விளையாட்டாகத் தொடங்கிய வேலை சில சமயம் வாழ்க்கையையே திருப்பிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் இருவருக்கு 1981-இல் அப்படித்தான் ஆயிற்று.

டக் மெக்ரே, கெவின் கரன் என்ற அந்த இருவரும், காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரங்களை வாங்கி மாணவர் விடுதியில் வைத்திருந்தார்கள். அட்டாரி நிறுவனத்தின் ‘மிஸைல் கமாண்ட்’ முதலில் நல்ல வசூல். போகப் போகப் பையன்களுக்கு அலுத்துப் போச்சு, வசூலும் படுத்துவிட்டது. நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஆட்டத்தைக் கடினமாக்கும் கூடுதல் சர்க்யூட் போர்டு ஒன்றைச் செய்து, ‘சூப்பர் மிஸைல் அட்டாக்’ என்று பெயரிட்டு விற்கவும் தொடங்கினார்கள். படிப்பு பாதியில் நின்றது. ‘ஜெனரல் கம்ப்யூட்டர்’ என்ற நிறுவனம் பிறந்தது.

அடுத்து அவர்கள் கை வைத்தது ‘பேக்-மேன்’ மீது. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி உருவாக்கி 1980-இல் வந்த ஆட்டம் அது. புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றபடி நான்கு பேய்களிடமிருந்து ஓடணும். ஆனால் ஒரே மாதிரி ஓடினால் பேய்களும் ஒரே மாதிரிதான் துரத்தும். வழியை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரே காசில் மணிக்கணக்காக ஆட்டம்! இதை மாற்றத்தான் ‘கிரேஸி ஓட்டோ’. கால் முளைத்த நாயகன், ஒன்றுக்குப் பதில் நான்கு புதிர்ப்பாதைகள், நகரும் பழங்கள், முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி திரும்பும் பேய்கள். இடையிடையே ஒரு குட்டிக் காதல் கதையும் உண்டு.

வேலை நடக்கும்போதே அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம் ஆனது. ‘எங்களுக்கே கேம் செய்து கொடுங்கள்’ என்று அட்டாரி ஒப்பந்தம் போட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: மூல ஆட்டத்தின் தயாரிப்பாளர் சம்மதமில்லாமல் இனிமேல் இப்படிக் கூடுதல் போர்டு விற்கக் கூடாது.

ஓட்டோ நடுவழியில் நின்றான். மூலையில் தூக்கிப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்களோ, அமெரிக்காவில் பேக்-மேன் தயாரித்த மிட்வே நிறுவனத்திடமே எடுத்துப் போய்க் காட்டினார்கள். அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்த மிட்வே அதை வாங்கிக்கொண்டது. ஓட்டோவின் காலும் போச்சு, பேரும் போச்சு. தலையில் ரிப்பன் கட்டிய நாயகி வந்தாள். 1982-இல் ‘மிஸ். பேக்-மேன்’ என்ற பெயரில் வெளியாகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன.

ஓட்டோ தன் பெயரில் கடைக்கு வரவேயில்லை. ஆனால் அந்த நான்கு பாதைகளிலும் ஓடுவது அவன்தான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிறர் கட்டியதன்மேல் நாமும் ஒரு மாடி எழுப்பலாம், தப்பில்லை. கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்டதால்தான் ஓட்டோ பிழைத்தான். உங்கள் அலமாரியிலும் ஒரு ஓட்டோ தூங்கிக்கொண்டிருக்கலாம். எடுத்துப் போய்க் காட்டுங்க!