எச்சமும் முற்றும்: இரண்டு ‘மைண்ட்க்ரைம்’ ஆல்பங்கள்

புகழ்பெற்ற ஓர் ஆல்பத்துக்குப் பல்லாண்டுகள் கழித்து இரண்டாம் பாகம் வரும்போது, இரசிகர்கள் அதைப் பெரும்பாலும் ஒரே கேள்வியால் அளக்கின்றனர்: முதல் பாகத்தைப் போல் இருக்கிறதா? இந்த அளவுகோல் போதாது என்பதற்கு அமெரிக்க மெட்டல் குழுவான குவீன்ஸ்ரைக்கின் வரலாறு நல்ல சான்று.

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூ நகரில் உருவான இக்குழு, ரீகன் ஆட்சியின் இறுதி ஆண்டான 1988இல் ‘ஆபரேஷன்: மைண்ட்க்ரைம்’ ஆல்பத்தை வெளியிட்டது. போதைக்கு அடிமையான நிக்கி என்னும் இளைஞனை, டாக்டர் எக்ஸ் என்பவர் ஒற்றைச் சொல்லால் ஏவிக் கொலைகாரனாக்குகிறார். அவன் நேசிக்கும் கன்னியாஸ்திரி மேரி இறந்துபோகிறாள். எப்படி இறந்தாள் என்பதை ஆல்பம் உறுதியாகச் சொல்வதில்லை. மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நிக்கியின் சிதறிய நினைவாகவே கதை விரிகிறது. முடிவில் தொடக்கத்துக்கே திரும்புகிறது.

தமிழிலக்கணத்தில் இதற்கு ஒப்புமை உண்டு. ‘வந்து’, ‘கண்டு’ போன்ற வினையெச்சங்கள் ஒரு முற்றுவினையை எதிர்பார்த்து நிற்பவை. 1988 ஆல்பம் அத்தகைய எச்சத்தில் நின்றது. முற்றுவினையைக் கேட்பவரே தம் மனத்துள் இட்டுக்கொண்டனர். அதனால்தான் அது அவரவருக்கும் சொந்தமாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் குழு மாறியது. 1990இல் ‘எம்பயர்’ பெருவெற்றி கண்டது. முதல் மைண்ட்க்ரைமின் பெரும்பாலான பாடல்களை உருவாக்குவதில் பங்கேற்ற கிட்டார் கலைஞர் கிறிஸ் டிகார்மோ 1998இல் விலகினார், பின்னர் விமானியானார். அவரின்றியே 2006இல் இரண்டாம் பாகம் வெளிவந்தது. முதலாவது பில்போர்டு பட்டியலில் 50ஆம் இடம் வரையே எட்டியிருக்க, இது 14ஆம் இடத்தைத் தொட்டது. காத்திருப்பின் வலிமைக்கு அவ்வெண் சான்றே தவிர, ஆல்பத்தின் தகுதிக்கு அன்று.

இரண்டாம் பாகத்தின் குறையாகப் பலரும் சுட்டுவது வறண்ட ஒலிப்பதிவை. அது உண்மையே, எனினும் முதன்மையான குறை வேறு. சிறையிலிருந்து விடுதலையாகும் நிக்கி டாக்டர் எக்ஸைப் பழிவாங்கப் புறப்படுகிறான். கதை நேர்கோட்டில் செல்கிறது. நினைவின் சிதறலே முதல் ஆல்பத்தின் வடிவம் என்பதை இது மறந்துவிடுகிறது. எச்சத்துக்குரிய முற்றைத் தானே எழுதிக் கேட்பவர் கையில் திணிக்கிறது. டாக்டர் எக்ஸாக ரோனி ஜேம்ஸ் டியோ பாடியும் அவ்விடைவெளி நிரம்பவில்லை.

ஆயினும் அதை முற்றாகத் தள்ளிவிடுவது நியாயமன்று. பழிதீர்க்கும் வேட்கை வடிந்து நிக்கி வெறுமையில் நிற்கும் பிற்பகுதியில், மேரியின் குரலாகப் பமேலா மூர் மீண்டும் ஒலிக்கிறார். 1988இல் பாடிய அதே பாடகி, பதினெட்டு ஆண்டு மூப்புடன். அங்கே கதை தொடரவில்லை, காலம் தொடர்கிறது. இறுதிப் பாடலில் ஜெஃப் டேட்டும் அவரும் இணையும் இடம், முதல் ஆல்பத்தால் தந்திருக்க முடியாத ஒன்று.

பின்னர் நிகழ்ந்தது கதையைக் காட்டிலும் கசப்பானது. 2012இல் டேட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார், வழக்கு நடந்தது, சில காலம் ஒரே பெயரில் இரண்டு குவீன்ஸ்ரைக்குகள் இயங்கின. 2014 உடன்பாட்டின்படி பெயர் மற்றவர்களுக்குச் சென்றது. இரு மைண்ட்க்ரைம் ஆல்பங்களையும் மேடையில் முழுமையாக நிகழ்த்தும் உரிமை டேட்டுக்குக் கிடைத்தது. ஐவர் சேர்ந்து செய்த ஒரு படைப்பின் பெயரும் நிகழ்த்துரிமையும் இவ்வாறு இரு வீடுகளுக்குப் பிரிந்தன.

ஆகவே இரண்டாம் பாகத்தை நான் தோற்ற நகலாகக் கேட்பதில்லை. சிதையத் தொடங்கிவிட்ட ஒரு குழு, தான் ஒன்றாக இருந்த காலத்தை நினைவுகூர முயன்றதன் ஆவணமாகக் கேட்கிறேன். அதில் நிக்கியின் மறதியும் குழுவின் மறதியும் ஒன்றாகிவிடுகின்றன. கேட்காதவர்கள் முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். மேரி எப்படி இறந்தாள் என்பதற்கு உங்கள் விடையை முடிவுசெய்த பிறகே இரண்டாவதற்குச் செல்லுங்கள்.