கரியும் நீரும் சுமந்த வண்டி

நீராவிப் புகையிரதத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எஞ்சினையே நோக்கினர். கொதிகலனின் அமுக்கம், உருளைகளின் அளவு, சில்லுகளின் உயரம் என்பன பற்றி நூல்கள் பல உள. ஆயின், எஞ்சினின் பின்னே கரியையும் நீரையும் சுமந்தோடிய வண்டியைப் பற்றி அவற்றிற் காணப்படுவன சில வரிகளே. ஆங்கிலத்தில் 'டெண்டர்' என வழங்கப்பட்ட இவ்வண்டி, பணிவிடை செய்வது என்னும் பொருளிற் பெயர் பெற்றது. பணியாளுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது அரிதென்பதற்கு இதுவும் ஒரு சான்றெனலாம். உண்மையில், ஒரு புகையிரதம் நிற்காமல் எத்தனை மைல் ஓடலாம் என்பதையும், அதனை ஓட்டுவோரின் உடல் எவ்வளவு வருந்தவேண்டும் என்பதையும் எஞ்சினைப் போலவே இப்பின்வண்டியும் தீர்மானித்தது.

இதனை விளங்கிக்கொள்ளச் சிறு கணக்கொன்று போதும். ஓர் இறாத்தல் நிலக்கரி, நல்ல கொதிகலனில், ஏறக்குறைய ஏழு அல்லது எட்டு இறாத்தல் நீரை ஆவியாக்கும். பிரித்தானியக் கலன் ஒன்றின் அளவான நீர் பத்து இறாத்தல் நிறையுடையது. எனவே 10 தொன் கரி சுமக்கும் வண்டி, அக்கரி முழுவதையும் பயன்படுத்த எழுபது தொன்னுக்கு மேற்பட்ட நீரைச் சுமக்கவேண்டும். ஆனால் பிரித்தானியாவின் பெரிய டெண்டர்கள்கூட 4,000 அல்லது 5,000 கலன், அஃதாவது 18 முதல் 22 தொன் வரையிலான நீரையே கொண்டன. கரி தீருமுன் நீர் மூன்று நான்கு முறை தீர்ந்துவிடும். டெண்டரின் அமைப்பைத் திருத்தியோர் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, இக்கணக்கோடுதான் போராடினர்.

தொடக்கத்தில் இப்பிரச்சினை எழவில்லை. 1829இல் இங்கிலாந்தின் றெயின்ஹில் என்னுமிடத்தில் நடைபெற்ற போட்டியில் வென்ற 'றொக்கட்' எஞ்சினின் பின்வண்டி, நான்கு சில்லுகளின்மேல் அமைந்த எளிய மரவண்டியேயாகும். குதிரை வண்டிகளைச் செய்யும் கைவினைஞரான நதானியல் வேர்ஸ்டெல் அதனை அமைத்தார். நீர் வைப்பதற்கு ஒரு மரப்பீப்பாய் கிடையாக வைக்கப்பட்டிருந்தது. பீப்பாய்க்குப் பதிலாக இரும்புத் தாங்கி வந்ததும், அத்தாங்கி குதிரை லாடம் போல் வளைந்து மூன்று புறமும் நீரைக் கொள்ள, நடுவிலுள்ள வெளியிற் கரி குவிக்கப்பட்டதும் அடுத்த சில பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றங்கள். பின்னர் கரி கிடக்கும் தளத்தைச் சரிவாக அமைத்து, கரி தானாகவே முன்னே வழுக்கி வரச்செய்தனர். சிறிய மாற்றமே எனினும், சவளேந்தியவன் எத்தனை அடி பின்னோக்கி நடக்கவேண்டும் என்பதை அது குறைத்தது.

கரியையும் நீரையும் எஞ்சினின் மேலேயே ஏற்றாது தனிவண்டியில் இழுப்பதேன் என்ற வினா இயல்பாக எழும். குறுகிய தூரம் ஓடும் எஞ்சின்கள் அவ்வாறே அமைக்கப்பட்டன. ஆனால் நீண்ட பயணத்தில் நீர் குறையக் குறைய எஞ்சினின் நிறையும் குறையும். சில்லுகள் தண்டவாளத்தைப் பற்றும் ஆற்றலும் தளரும். மறுபுறத்தில், தனிவண்டியின் பெரும் நிறை இழுவைக்கு எவ்வகையிலும் உதவாத வெறுஞ்சுமையாகும். இவ்வீணான நிறையைப் பயன்படுத்த எண்ணியவர் கிறேற் நோர்தேண் கம்பனியின் பொறியியலாளரான ஆர்ச்சிபால்ட் ஸ்டறொக். 1863ஆம் ஆண்டில் அவர் டெண்டரின் அடியிலும் உருளைகளைப் பொருத்தி, அதனையும் ஓர் எஞ்சினாக்கினார். சுமார் ஐம்பது வண்டிகள் இவ்வாறு அமைக்கப்பட்டன. எண்ணம் நல்லதே, நடைமுறையில் அது தோற்றது. பழுதுபார்க்கும் செலவு பெருகியது. வெப்பம் தாங்கமுடியாததாயிற்று. ஒரு சம்பளத்துக்கு இரண்டு எஞ்சின்களை ஓட்டுவதா எனச் சாரதிகளும் முறையிட்டனர். நியாயமான முறைப்பாடுதான். சில ஆண்டுகளுள் அவ்வுருளைகள் கழற்றப்பட்டன.

இத்துறையில் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு, வண்டியை மாற்றுவதால் அன்றி, வண்டி சுமக்கவேண்டியதையே குறைத்ததால் வந்தது என்பது நோக்கத்தக்கது. அயர்லாந்துக்குரிய தபாலை இலண்டனிலிருந்து ஹொலிஹெட் துறைமுகத்துக்குக் கொண்டுசென்ற வண்டியை விரைவுபடுத்தவேண்டிய நெருக்கடி 1860இல் ஏற்பட்டது. செஸ்டரிலிருந்து ஹொலிஹெட் வரையுள்ள ஏறக்குறைய 85 மைலையும் இடையில் நிற்காது ஓடவேண்டுமாயின், அக்காலத்து டெண்டர்கள் சுமந்த நீர் போதாது. பெரிய டெண்டர் செய்தால் இழுக்கவேண்டிய நிறை கூடும். நிறை கூடினால் நீர் மேலும் தேவைப்படும். இச்சிக்கலை அவிழ்த்தவர் இலண்டன் அன்ட் நோர்த் வெஸ்டேண் கம்பனியின் ஜோன் றாம்ஸ்பொட்டம்.

இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, கால் மைல் நீளமான ஆழமற்ற இரும்புத் தொட்டியொன்றை அவர் அமைத்து நீரால் நிரப்பினார். டெண்டரின் அடியில் அகப்பை போன்ற குழாயொன்று பொருத்தப்பட்டது. தொட்டியின் மேலே வண்டி ஓடும்போது அவ்வகப்பையைத் தாழ்த்தினால், வண்டியின் வேகமே நீரைக் குழாய் வழியே மேலேற்றித் தாங்கியுள் வீழ்த்தும். பம்பி இல்லை, வேறு பொறியும் இல்லை. மணிக்கு 15 மைல் வேகத்தில் ஓடும் வண்டி, உராய்வு முதலியவற்றை நீக்கிக் கணித்தால், நீரை ஏழரை அடி உயர்த்த வல்லது. இது விழும் பொருளின் வேகத்தைக் கூறும் பழைய விதியைத் தலைகீழாக்கிய கணக்கேயாகும். வட வேல்சிலுள்ள மொக்டிறே என்னுமிடத்தில் உலகின் முதலாவது ஓட்டநீர்த் தொட்டி இவ்வாறு தோன்றியது.

கணக்கு எளிது, கையாளுதல் எளிதன்று. தொட்டி மட்டமான நிலத்திலேயே அமையவேண்டும். மேடு பள்ளமான நாட்டில் கால் மைல் மட்டநிலம் எங்கும் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் நீர் உறையும். அதனை உடைக்க ஆட்கள் வேண்டும். அகப்பையை உரிய கணத்தில் தாழ்த்தி, உரிய கணத்தில் உயர்த்தவேண்டும். சில விநாடி தாமதித்தால், நிரம்பிய தாங்கியிலிருந்து நீர் பொங்கி வழிந்து, முதற் பெட்டியில் யன்னலைத் திறந்து வைத்திருந்த பிரயாணியை நனைக்கும். எனினும் பயன் பெரிதாகையால் இம்முறை பிரித்தானியாவின் முக்கிய பாதைகளிற் பரவியது. அமெரிக்காவில் நியூயோர்க் சென்ட்றல் கம்பனியும் 1870இல் இதனைக் கைக்கொண்டது.

தொட்டி அமைக்காத கம்பனிகள் என்ன செய்தன? இங்கிலாந்தின் தென்மேற்கே ஓடிய இலண்டன் அன்ட் சவுத் வெஸ்டேண் கம்பனி தன் பாதையில் ஒரு தொட்டியேனும் அமைக்கவில்லை. அதன் பொறியியலாளர் டுகல்ட் டிறமண்ட், 4,000 கலன் கொள்ளும் எட்டுச்சில்லு டெண்டர்களைச் செய்வித்தார். தொழிலாளர் அவற்றை 'தண்ணீர் வண்டி' என்றே அழைத்தனர். ஆகவே, ஒரு டெண்டரின் உருவத்தைக் கண்டு அது ஓடிய நிலத்தையும் பாதையையும் ஓரளவு ஊகிக்கலாம்.

இவ்வுண்மை அமெரிக்காவில் இன்னும் தெளிவாகப் புலப்படும். யூனியன் பசிபிக் கம்பனி 1941இல் அமைத்த 'பிக் போய்' எஞ்சின் வயோமிங், யூட்டா மலைப்பகுதிகளில் ஓடியது. அங்கே ஓட்டநீர்த் தொட்டிகள் இல்லை. அதன் பதினான்கு சில்லு டெண்டர் 24,000 அமெரிக்கக் கலன் நீரும் 28 அமெரிக்கத் தொன் கரியும் சுமந்தது. அமெரிக்கக் கலன் பிரித்தானியக் கலனிலும் சிறியது எனினும், இது ஏறக்குறைய 20,000 பிரித்தானியக் கலனாகும். நான்கு ஆண்டுகளின் பின், 1945இல், நியூயோர்க் சென்ட்றல் வெளியிட்ட 'நயாகரா' எஞ்சினின் டெண்டரோ 18,000 கலன் நீரையும் 46 தொன் கரியையும் கொண்டது. வழிநெடுகத் தொட்டிகள் இருந்தமையால் நீரைக் குறைத்துக் கரியைக் கூட்ட முடிந்தது. நியூயோர்க்குக்கு அருகிலுள்ள ஹார்மனிலிருந்து சிக்காகோ வரை தொள்ளாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே எஞ்சின் ஓடியது. விரைவாக ஓடும்போது உட்பாயும் நீரும் அதனால் நெருக்குறும் காற்றும் தாங்கியைச் சிதைக்காதவாறு வெளியேறும் வழிகள் பெரிதாக்கப்பட்டமையால், மணிக்கு 80 மைல் வேகத்திலும் நீரை முகக்க முடிந்தது.

தாங்கியின் வடிவத்தையே மாற்றியவரும் உளர். தட்டையான பக்கங்களையுடைய தாங்கி நீரின் அமுக்கத்தால் வெளித்தள்ளும். அதனைத் தடுக்க உள்ளே பல தாங்குதண்டுகள் வேண்டும். உருளை வடிவத்துக்கு அத்தொல்லை குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெருஞ்செல்வக் குடும்பத்திற் பிறந்து பொறியியல் பயின்ற மூன்றாம் கொர்னீலியஸ் வண்டபில்ட் இவ்வமைப்பை உருவாக்கினார். கனேடிய நஷனல், சதேண் பசிபிக் ஆகிய கம்பனிகள் இதனைப் பெரிதும் பயன்படுத்தின. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியர் இவ்வழியில் மேலும் ஓரடி சென்றனர். 1942 முதல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட 52ஆம் வகுப்புப் போர்க்கால எஞ்சின்களுட் பெரும்பாலானவற்றின் டெண்டர்களில் அடிச்சட்டகமே இல்லை. வளைந்த தொட்டி போன்ற தாங்கியே தன்னைத் தான் தாங்கி நின்றது. உருக்குத் தட்டுப்பாடு கற்பித்த பாடம் அது.

இதுவரை கூறியவை நீரைப் பற்றியன. கரியைச் சுமந்த மனிதனின் கதை வேறு. பயர்மன் எனப்படும் கரிபோடும் தொழிலாளி, ஆடும் தளத்தில் நின்று, டெண்டரிலிருந்து கரியைச் சவளால் அள்ளி உலையுள் எறியவேண்டும். பயணத்தின் தொடக்கத்தில் கரி அவன் காலடியிற் கிடக்கும். முடிவை நெருங்கும்போது, அவன் களைத்த வேளையில், கரி பின்சுவரருகே ஒதுங்கிக் கிடக்கும். நீருக்காக 1860இலேயே அரிய தீர்வைக் கண்ட கம்பனிகள், இத்தொழிலாளியின் முதுகுக்காகத் தீர்வு காணப் பல பத்தாண்டுகள் எடுத்தன. கால அட்டவணை நெருக்கியபோது எழுந்த ஆர்வம், தொழிலாளி வருந்தியபோது எழவில்லை என்றே கூறவேண்டும்.

1928ஆம் ஆண்டு மே முதலாம் திகதி இலண்டனிலிருந்து எடின்பரோ வரை, ஏறக்குறைய 393 மைலை, 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' வண்டி நிற்காமல் ஓடத் தொடங்கியது. நீருக்கு ஆறிடங்களில் தொட்டிகள் இருந்தன. கரிக்கு 9 தொன் இடமிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் இரு மனிதரால் தொடர்ந்து உழைக்க இயலாது என்பதே எஞ்சிய தடை. நைஜல் கிறெஸ்லி அதற்கு டெண்டரிலேயே விடை கண்டார். அதன் ஒரு புறத்தில் 18 அங்குல அகலமும் 5 அடி உயரமுமுள்ள ஒடுங்கிய நடைவழியொன்றை அமைத்தார். முதற் பெட்டியில் இளைப்பாறியிருந்த இரண்டாவது சாரதியும் பயர்மனும், பயணத்தின் நடுவே யோர்க் நகருக்கு வடக்கே, இவ்வழியாகக் குனிந்து சென்று பணியேற்றனர். கிறெஸ்லி தம் வீட்டில் சுவரோரமாக நாற்காலிகளை அடுக்கி, அவ்விடைவெளியில் நுழைந்து பார்த்தே அகலத்தை முடிவு செய்தார் என்றொரு கதை வழங்குகிறது.

1937 முதல் லண்டன் மிட்லண்ட் அன்ட் ஸ்கொட்டிஷ் கம்பனியின் கோறனேஷன் வகுப்பு எஞ்சின்களின் டெண்டரில், பின்னுள்ள கரியை முன்னே தள்ளும் நீராவிப் பொறியொன்று சேர்க்கப்பட்டது. கரியை முன்னே கொணர்ந்ததேயன்றி, உலையில் இட்டது மனிதக் கைதான். 1939 பெப்ரவரியில் அவ்வகுப்பைச் சேர்ந்த ஓர் எஞ்சின் இருபது பெட்டிகளை இழுத்து ஸ்கொட்லாந்து சென்று மீண்ட சோதனையில் இரண்டு பயர்மன்கள் வேண்டியிருந்தனர். எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை வகுத்தது கொதிகலன் அன்று. ஒருவனின் தோள்வலிமையே என்பது அன்று வெளிப்பட்டது. அமெரிக்காவில், டெண்டரின் அடியிலுள்ள திருகுத்தண்டு கரியை நேரே உலைக்குக் கொண்டுசெல்லும் பொறி முன்னரே பழக்கத்துக்கு வந்திருந்தது. ஆயினும் கனத்த எஞ்சின்கள் அனைத்துக்கும் அதனைக் கட்டாயமாக்க, தொழிற்சங்கத்தின் நெடிய போராட்டமும் 1930களின் இறுதியில் வந்த அரசின் ஆணையும் தேவைப்பட்டன.

நீரே அற்ற நிலத்தில் டெண்டர் அடைந்த மாற்றம் மிகவும் விந்தையானது. தென்னாபிரிக்காவின் கரூ என்னும் வறண்ட மேட்டுநிலத்தில் ஓடுவதற்காக, 1953 முதல் 25ஆம் வகுப்பைச் சேர்ந்த 90 எஞ்சின்கள் கொணரப்பட்டன. இவற்றின் டெண்டர் எஞ்சினைவிட நீளமானது. அதில் இருந்தது பெரும்பாலும் நீரன்று, ஒடுக்கியே. உருளைகளில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறாது, பின்னே டெண்டருக்குச் சென்று, விசிறிகளாற் குளிர்விக்கப்பட்ட குழாய்த் தொகுதிகளில் மீண்டும் நீராகிக் கொதிகலனுக்குத் திரும்பியது. வழமையாகச் செலவாகும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு வரை இவ்வாறு மீதமாயிற்று. நீராவி எஞ்சினுக்கேயுரிய மூச்சொலி அடங்கி, விசிறியின் ஊளை மட்டுமே கேட்டதாம். ஆனால் நீராவி புகைபோக்கியால் வெளியேறாததால், உலைக்குக் காற்றிழுக்க வேறொரு விசிறி தேவைப்பட்டது. சாம்பற்றுகள்கள் அதன் அலகுகளை அரித்தன. பராமரிப்புச் செலவு ஏறியது. வரண்ட பகுதிகளிலும் மின்சார எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் புகுந்தமையால் நீரைச் சேமிக்கும் தேவை குறைந்தது. 1970களில் இவை ஒவ்வொன்றாகச் சாதாரண எஞ்சின்களாக மாற்றப்பட்டன. ஒடுக்கியிருந்த இடத்தில் நீண்ட உருண்டைத் தாங்கி வைக்கப்பட்டது. அந்நாட்டுத் தொழிலாளர் அவ்வண்டிக்கு, நீண்டு குறுகிய உடலும் குட்டைக் கால்களுமுடைய ஒருவகை நாயின் பெயரைச் சூட்டினர்.

பிரித்தானியாவில் நீராவி வண்டிகளின் வழமையான சேவை 1968 ஆகஸ்டில் முடிவுற்றது. ஓட்டநீர்த் தொட்டிகள் உடனே மறையவில்லை. பெட்டிகளைச் சூடாக்கும் கொதிகலன்களுக்காகச் சில டீசல் எஞ்சின்களும் அகப்பை தாழ்த்தி நீர் முகந்து சென்றன. ஆயினும் நிலையங்களிலிருந்த நீர்க்குழாய்களும் பாதையிலிருந்த தொட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டன. தனியார் ஒருவரால் வாங்கிப் பாதுகாக்கப்பட்ட 'பிளையிங் ஸ்கொட்ஸ்மன்' எஞ்சின் நெடும்பயணம் போக விரும்பியபோது, வழியில் நீர் கிடைப்பது அரிதாயிருந்தது. 1966இல் அதற்கு இரண்டாவது டெண்டர் ஒன்று வாங்கப்பட்டது. கரி ஏற்றாது, முழுவதும் நீர் கொள்ளுமாறு மாற்றி, முதல் டெண்டரின் பின்னே அதனைப் பூட்டினர்.